சொட்டு நேரம்

"டீச்சர், என் இடது எல்லை போயிட்டு" என்றார் குற்றாலிங்கம்.

"சொட்டு விட்டாச்சா அண்ணாச்சி?"

"விட்டாச்சு. நான் என்ன சொல்லுதேன்னா..."

"அப்ப கண்ணை மூடுங்க."

மூடினார். மூடிக்கொண்டே சொன்னார்: "இடது பக்கம் சுத்தமாப் போயிட்டு டீச்சர்."

"வாயையும் மூடுங்க" என்றார் ஜமீலா டீச்சர்.

*

இந்தக் கதையில் ஆசிரமம், ஆற்றங்கரை, தாடி எதுவும் கிடையாது. அதையெல்லாம் எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இருந்ததெல்லாம் ஒரு போன் குழு.

கண்ணுக்குள் நீரழுத்தம் கூடி, பார்வையை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே வருகிற நோய் ஒன்று உண்டு. கிளாக்கோமா என்பார்கள். போன பார்வை போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்ற ஆயுசுக்கும் சொட்டு மருந்து விட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்துக் கிடந்து, பேசிப் பழகி, நம்பர் வாங்கிச் சேர்த்த குழு அது. அதற்குச் 'சொட்டு நேரம்' என்று பேர் வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு டீச்சர் எல்லோரையும் ஒரே அழைப்பில் கூப்பிடுவார். தென்காசிக்காரர் தென்காசியிலிருந்து, சாத்தான்குளத்துக்காரர் சாத்தான்குளத்திலிருந்து வந்து சேர்வார்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆளாளுக்குச் சொட்டு விட்டுக்கொள்வார்கள்.

விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டின கண் மூலையை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். எல்லா டாக்டரும் சொல்வது இது. எந்த நோயாளியும் செய்வதில்லை. சொட்டு விட்ட கையோடு போனை எடுத்துத் தடவ ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் டீச்சர் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடி, மூலையை அழுத்தி, மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்க வேண்டும். அவர் சொல்லிக்கொடுத்த தியானம் அவ்வளவுதான்.

மேலப்பாளையத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர் அவர். கரும்பலகையின் இந்த முனையைப் பார்த்தால் அந்த முனை தெரியாமல் போனதும் வேலையை விட்டார். வயதில் குற்றாலிங்கத்துக்கு மகளாக இருக்கலாம். சீடருக்குத் தலை நரைத்து, குருவுக்கு நரைக்காமல் இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய.

அந்தக் குழுவில் இன்னொரு வழக்கமும் இருந்தது. சொட்டு நேரம் முடிந்ததும், பார்வை மிச்சம் இருக்கிறவர்கள் அன்றைக்குப் பார்த்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். பார்வை முழுதாகப் போனவர்கள் கேட்பார்கள். அதைச் 'சொல்லிக் காட்டுவது' என்பார்கள். ஒருத்தர் வெண்டைப் பூவைச் சொல்லுவார். ஒருத்தி பஸ்ஸில் முன் சீட்டுக் குழந்தை தூங்கி வழிந்ததைச் சொல்லுவாள். சாத்தான்குளம் தங்கப்பழம் என்று ஒருவர் இருந்தார், முன்பு மளிகைக் கடை வைத்திருந்தவர். அவருக்கு வெளிச்சம்கூடத் தெரியாது. அவர்தான் கேட்டுக் கேட்டு வாங்குவார். "பூவுக்குள்ள என்ன கலரு? தூங்கும்போது வாய் தொறந்திருந்துச்சா?" என்பார்.

குற்றாலிங்கம் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவர் எல்லைக் கணக்கு மட்டும் சொல்லுவார்.

*

அவர் நில அளவைக்காரர். வேலைக்காலம் பூராவும் சங்கிலியும் கையுமாக வயலில் நின்றவர். அண்ணன் தம்பி அருவாளோடு நிற்கிற வரப்பில்கூட, கல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் எல்லை என்று சொல்லிவிட்டு வந்தவர்.

இடது கண் முன்பே போய்விட்டது. வலது கண்ணிலும் ஓரமெல்லாம் தேய்ந்து நடுப்பகுதிதான் மிச்சம். அந்த மிச்சத்துக்கு அவர் எல்லைக்கல் நட்டிருந்தார்.

தினமும் காலையில் கிழக்கு ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு மனைவியை எதிரே உட்கார வைப்பார். முழங்காலுக்கு முழங்கால் இடிக்கிற தூரம்.

"ஆடாம உக்காரு."

ஆவுடையம்மாள் ஆடாமல் உட்காருவாள்.

இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் அவள் மூக்குத்தியையே பார்ப்பார். மூக்குத்தியை விட்டுக் கண் நகரக் கூடாது. நகர்ந்தால் அது கள்ள அளவு. கண் நகராமலே வலது ஓரத்தில் ஒரு கம்மல் மினுங்கும், இடது ஓரத்தில் ஒரு கம்மல் மினுங்கும். காது தெரியாது, மினுக்கம் மட்டும் தெரியும். இரண்டும் மினுங்கினால் அன்றைக்கு எல்லை பத்திரம். எழுந்து போய்விடுவார்.

எதைப் பார்க்கிறேன் என்று அவளிடம் அவர் சொன்னதே இல்லை. சொன்னால் அவள் பாசத்தில் தலையை அப்படி இப்படித் திருப்பிக் காட்டிவிடுவாள், அளவு கெட்டுப்போகும் என்று நினைத்தார்.

பாவம், அந்த அம்மாள் ஆரம்பத்தில் முகம் கழுவிப் பவுடர் போட்டு, பொட்டைச் சரியாக வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில்கூட அவளை யாரும் இப்படி உட்கார வைத்துப் பார்த்ததில்லை. பிறகு பவுடர் நின்றது. அதை அவர் கவனித்தாரா என்றால், எங்கே?

ஆடி மாதத்தில் ஒருநாள் இடது ஓரத்துக் கம்மல் மினுங்கவில்லை.

மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

*

ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மிஷினுக்குள் தலையை விடச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொல்லிச் சோதித்தார்கள்.

"போன தடவை இருந்த மாதிரியேதான் இருக்கு. ஒண்ணும் குறையல" என்றார் டாக்டர்.

குற்றாலிங்கம் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தார். மிஷினில் கோளாறு இருக்கும், என் கல்லில் இருக்காது என்று நர்ஸிடம் வாதாடிவிட்டு வந்தார்.

அதோடு ஆளே மாறிப்போனார். தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. எந்நேரமும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, கண் போனவர்கள் பேசுகிற வீடியோக்களைப் பார்த்தார். போனுக்கென்ன, ஒன்றைப் பார்த்தால் அதைவிடப் பயங்கரமான ஒன்றைக் கொண்டுவந்து நீட்டிக்கொண்டே இருந்தது. இருக்கிற கொஞ்சப் பார்வையையும் அதில்தான் செலவழித்தார் மனுஷன்.

டீச்சர் ஒருநாள் அவரைத் தனியாகப் போனில் கூப்பிட்டார்.

"எதுக்கு அண்ணாச்சி தெனமும் அளக்குதீங்க?"



"எது தெரியாமப் போனாலும் போகட்டும் டீச்சர். ரோடு தெரியாண்டாம், எழுத்து தெரியாண்டாம். எங்க வீட்டுக்காரி முகம் மட்டும் தெரியாமப் போயிரக் கூடாது." "அதுக்குத்தான் காவல் காக்கேன். இருட்டு பக்கத்துல வந்துட்டு டீச்சர். கம்மல் வரைக்கும் வந்துட்டு. அடுத்து கன்னம், அப்புறம் கண்ணு."

"பிரியமாத்தான் இருக்கீங்க."

"அவளை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"அப்ப நாளைக்கு அவங்களையே சொல்லிக் காட்டுங்க" என்றார் டீச்சர். "தங்கப்பழம் அண்ணன் ரொம்ப நாளாக் கேக்குதாங்க."

*

மறுநாள் சொட்டு நேரம் முடிந்தது.

"குற்றாலிங்கம் அண்ணாச்சி இன்னைக்கு அவங்க வீட்டம்மாவைச் சொல்லிக் காட்டப் போறாங்க" என்றார் டீச்சர்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் தங்கப்பழம். ஸ்வீட் பொட்டலத்தைப் பிரிக்கிறவர் மாதிரி இருந்தது குரல்.

குற்றாலிங்கம் தொண்டையைச் செருமினார். "நடுவுல மூக்குத்தி. அதுலேருந்து வலது கம்மல் வரைக்கும் தெரியுது. இடது பக்கம் கன்னத்தைத் தாண்டினா ஒண்ணும் கிடையாது. ஆடிக்கு முன்னால..."

"அண்ணாச்சி, நான் ஒங்க கண்ணைக் கேக்கல. அம்மாவைக் கேட்டேன்" என்றார் தங்கப்பழம்.

யாரோ சிரித்தார்கள். பொல்லாத சிரிப்பு இல்லை. ஆனாலும் அவருக்குச் சுருக்கென்றது.

"அவளா, மாநிறம். வட்ட முகம். நல்ல அடர்த்தியான முடி, ரெட்டைச் சடை போட்டு முன்னால விட்டிருப்பா. நெத்தியில ஒரு சுட்டி..."

சொல்லச் சொல்லக் குரல் மெலிந்தது.

"இது எப்பப் பாத்தது அண்ணாச்சி?" என்று கேட்டார் டீச்சர்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அது சாமி அறை வாசலுக்கு மேலே மாட்டியிருக்கிற கல்யாணப் போட்டோ.

"இன்னைக்குக் காலையில பாத்தீங்கல்லா. அதைச் சொல்லுங்க."

சொல்ல ஒன்றும் இல்லை. மனசுக்குள் தேடினார். ஒரு மூக்குத்தியும் ஒரு கம்மலும் கிடைத்தன. நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை.

அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அதை டீச்சர் மேல் போட்டார்.

"கண்ணு போயிட்டிருக்கவன்கிட்ட கதை கேக்குதீங்க. வெளங்கிரும்."

போனை எடுத்து, குழுவை விட்டு வெளியேறினார்.

*

ஆவணி போயிற்று. புரட்டாசி போயிற்று.

சொட்டு விடுவார். கண்ணை மூட மாட்டார், மூலையை அழுத்த மாட்டார். மருந்து மூக்கு வழியாக இறங்கித் தொண்டையில் கசக்கும். அதோடு போனை எடுத்துக்கொள்வார்.

காலையில் அளப்பதை மட்டும் விடவில்லை.

"ஆடாம உக்காரு."

உட்காருவாள்.

"இன்னைக்கும் இல்ல" என்று எழுந்து போவார். என்ன இல்லை என்று அவள் ஒருநாள் கேட்டாள். "ஒனக்குச் சொன்னாப் புரியாது" என்றார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர் சொன்னார்: "கண்ணு முழுசாப் போறதுக்கு முன்னால நான் போய்ச் சேந்துரணும் ஆவுடை."

அவள் தட்டை எடுக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"நான் இருக்கேன்லா" என்றாள்.

அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று இன்றைக்குக் கேட்டால், அவருக்குத் தெரியாது. அப்போது போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இதை நினைத்துத்தான் இப்போதும் ராத்திரி எழுந்து உட்காருகிறார்.

*

கார்த்திகையில் திரும்பவும் ஆஸ்பத்திரி. திரும்பவும் மிஷின். திரும்பவும் மாற்றம் இல்லை என்றார்கள். "உங்க மிஷினுக்கு என்னத்தத் தெரியும்?" என்று அவர் சத்தம் போட்டது பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"குற்றாலிங்கம் அண்ணாச்சிதான?"

பெஞ்சில் நீலத் துப்பட்டாவும் மடக்குக் கம்புமாக ஒரு பெண். முகம் நினைவில்லை, குரல் தெரியும். அவருக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நல்லாருக்கீங்களா?"

"இருக்கேன் டீச்சர்."

"சொட்டு விடுதீங்களா?"

"அதெல்லாம் விடுதேன்."

"தொண்டையில கசக்குதா?"

"கசக்கத்தான் செய்யும். கசப்பு மருந்துலா."

டீச்சர் தன் விரலைத் தூக்கி, தன் கண்ணின் மூலையில் வைத்து அழுத்திக்கொண்டார். குற்றாலிங்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கண்ணுல விட்டது நாக்குல கசக்குதுன்னா என்ன அர்த்தம் அண்ணாச்சி?"

"கண்ணுல நிக்கலன்னு அர்த்தம்."

"தெனமும் காலையில அவங்களைப் பாக்குதீங்களே. அது எங்க நிக்குது?"



உள்ளேயிருந்து டீச்சரின் பேரைக் கூப்பிட்டார்கள். அவர் கம்பை விரித்துக்கொண்டு எழுந்தார்.

"அளக்காம ஒரே ஒரு தடவை பாருங்க. பாக்கப் பாக்கப் பேசிப் பதிவு பண்ணி, எனக்கு அனுப்புங்க. கண்ணு இருக்கும்போதே பாத்து வையுங்க அண்ணாச்சி. நான் வைக்கல."

"என்ன டீச்சர்?"

"என் பிள்ளைங்களை நான் பாத்து வைக்கல. கண்ணைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

சொல்லிவிட்டு, கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே அறைக்குள் போய்விட்டார்.

*

மறுநாள் காலை. கிழக்கு ஜன்னல். நாற்காலி.

ஆவுடையம்மாள் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சொல்லாமலே முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, அசையாமல் இருந்தாள்.

"ஆடலாம்" என்றார் அவர்.

"என்னது?"

"ஆடாம உக்கார வேண்டாம். நீ பாட்டுக்கு இரு."

அவள் விழித்தாள். அவர் கண்ணைப் பொத்தவில்லை. போனில் பதிவுப் பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து அமுக்கினார்.

"டீச்சர், தங்கப்பழம், நான் குற்றாலிங்கம் பேசுதேன். எங்க வீட்டுக்காரியச் சொல்லிக் காட்டுதேன்."

"இது என்ன கூத்து? யார்கிட்டப் பேசுதீங்க?"

"நீ சும்மா இரு."

மூக்குத்தியை விட்டுக் கண்ணை நகர்த்த வேண்டும். அதுவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது. அத்தனை காலமும் கள்ள அளவு என்று விலக்கி வைத்த வேலை. மெல்ல மேலே ஏற்றினார்.

"நெத்தியில துண்ணூறு. கோடு கோணலாப் போயிருக்கு. அவசரத்துல பூசியிருக்கா. பொட்டு சின்னது. முன்பக்கம் முடி... வெள்ளை. முழுக்க வெள்ளை."

நிறுத்தினார்.

"எப்போ நரைச்ச நீ?"

"நல்லாக் கேட்டீங்க" என்றாள் அவள்.

"புருவத்துல ஒரு முடி மட்டும் நெட்டுக்குத்தா நிக்குது. கண்ணுக்குக் கீழ கருவளையம். நல்லாத் தூங்கல போல. கண்ணு..."

அவள் கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அங்கேயே நின்றுவிட்டார். போனில் நொடிகள் ஓடின.

"கண்ணை அப்புறம் சொல்லுதேன் டீச்சர். ஒதடு வெடிச்சிருக்கு. கழுத்தெலும்பு தெரியுது. மெலிஞ்சிருக்கா. ரொம்ப மெலிஞ்சிருக்கா டீச்சர், நான் இப்பத்தான் பாக்குதேன்."

கண்ணை வலது பக்கம் கொண்டுபோனார். அங்கே கம்மல் இருந்தது. வெயில் பட்டு மினுங்கியது.

பிறகு இடது பக்கம். இருட்டு ஆரம்பிக்கிற இடம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த பக்கம். நேராகவே பார்த்தார். கன்னம் தெரிந்தது. காது தெரிந்தது. காதின் மடல் நன்றாகத் தெரிந்தது.

கம்மல் இல்லை.

மடலின் நடுவில், கம்மல் இருக்க வேண்டிய இடத்தில், கீழ்நோக்கி ஒரு தையல் தழும்பு ஓடியிருந்தது. பழசு. ஆறி, வெளுத்துப்போயிருந்தது.

மிஷின் சொன்னது சரிதான். டாக்டர் சொன்னது சரிதான். எல்லை நகரவே இல்லை, கல்தான் அங்கே இல்லை. சந்தோஷப்பட்டுக் குதிக்க வேண்டிய விஷயம். அவர் அந்தத் தழும்பையே பார்த்தார்.

"காதுல என்ன?"

அவள் கை தன்னால் போய் மடலைத் தொட்டது.

"அறுந்துட்டு. தலை தொவட்டும்போது கம்மல் துண்டுல மாட்டி இழுத்துட்டு."

"எப்போ?"

"ஆடியில."

"ரத்தம் வந்திருக்குமே."

"வந்துச்சு. பக்கத்து வீட்டு மரியபுஷ்பம்தான் கூட்டிட்டுப் போய்த் தையல் போட வச்சா."

"நான் எங்க இருந்தேன்?"

"உள்ளதான் இருந்தீங்க. காதுல மாட்டிட்டு வீடியோ பாத்துட்டிருந்தீங்க. ரெண்டு தடவை கூப்பிட்டேன்."

அவர் குனிந்துகொண்டார்.

"கட்டுப் போட்டிருப்பாங்களே. அதுகூடவா எனக்குத் தெரியல?"

"சேலையை அந்தக் காது மட்டும் மறையுற மாதிரி இழுத்துப் போட்டுக்கிட்டேன். ரத்தக் கட்டைப் பாத்தா பயந்துருவீங்கன்னு மொதல்ல மறைச்சேன். கட்டு பிரிச்சப்புறம் மறைக்கல."

போன் அவர் கையில் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை. வெளியே பால்காரர் மணியடித்துக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"ஆறினப்புறம் மறுபடி குத்தலாம்னு சொல்லியிருப்பாங்கல்லா?"

"சொன்னாங்க."

"எத்தனை மாசமாச்சு. குத்தியிருக்கலாமே. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே ஆவுடை."

அவள் அவரைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"தெனமும் என்னைத்தான உக்கார வச்சுப் பாத்தீங்க" என்றாள். "நீங்களே கேப்பீங்கன்னு இருந்தேன்."